வெளிநாட்டுக்கு ஹேர் ட்ரையர், டிரிம்மர், சார்ஜர் எடுத்துட்டுப் போறவங்க அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளக் வேற, அதுக்குள்ள வர்ற கரண்ட் வேற. இது ரெண்டும் தனித்தனின்னு தெரியாம, பின் உள்ள போயிடுச்சுல்ல அப்புறம் என்னன்னு ஸ்விட்சைப் போட்டுத்தான் நிறைய பேர் பொருளைக் கருக்கிட்டு வர்றாங்க. கீழ இருக்கற கேள்விகள்ல பாதி அந்த ஒரு இடத்துலதான் போய் நிக்கும்.

என் பொருள் அந்த நாட்டுல ஓடுமா ஓடாதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கூகுள்ல தேடறதுக்கு முன்னாடி பொருளைத் திருப்பிப் பாருங்க. ஹேர் ட்ரையர்னா கைப்பிடியில, அயர்ன் பாக்ஸ்னா பின்பக்கம், போன் லேப்டாப் டிரிம்மர்னா அதோட சார்ஜர்ல பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கும். கண்ணுக்குத் தெரியலைன்னா போன் கேமராவுல படம் எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க. இன்புட்னு போட்டிருக்கற வரிதான் முக்கியம், அவுட்புட் வரியில 5 வோல்ட் 9 வோல்ட்னு இருக்கறதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது சார்ஜர்ல இருந்து போனுக்குப் போறது.

இன்புட்ல "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்"னு (ஹெர்ட்ஸ்னா கரண்ட் ஒரு நொடிக்கு எத்தனை தடவை துடிக்குதுங்கற கணக்கு) இருந்தா உலகத்துல எங்க வேணா போடலாம், பிளக் வடிவத்துக்கு ஒரு அடாப்டர் போதும். "220-240"னு மட்டும் இருந்தா 230 வோல்ட் நாடுகளுக்கு மட்டும்தான், "120"னு மட்டும் இருந்தா அமெரிக்கா மாதிரி நாடுகளுக்கு மட்டும்தான். இன்னொரு வகை "120/240"னு நடுவுல சாய்கோடு போட்டிருக்கும், அப்படி இருந்தா பெரும்பாலும் அந்தப் பொருள்ல எங்கயோ ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதை நீங்கதான் மாத்தணும். சிறுகோடா சாய்கோடான்னு பாருங்க, சும்மா டிசைனுக்குப் போட்டது இல்ல அது.

எந்த நாட்டுல எவ்வளவு வோல்ட்?

மொத்தமா ரெண்டு கோஷ்டி. ஐரோப்பா, ஆப்பிரிக்காவுல பெரும்பகுதி, ஆசியாவுல பெரும்பகுதி, ஆஸ்திரேலியா எல்லாம் 220-ல இருந்து 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கா கனடா 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், மெக்சிகோ 127, தைவான் 110. ஜப்பான் எல்லாரையும் விடக் கம்மி, 100 வோல்ட்தான். தென் கொரியா நடுவுல நிக்குது, வோல்ட் 220, ஆனா ஹெர்ட்ஸ் 60.

பிரேசில் போறவங்க மட்டும் கொஞ்சம் கூடுதலா கவனமா இருங்க. அங்க சில ஊர்ல 127, சில ஊர்ல 220, சாக்கெட் மட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு ஊர்ல நல்லா ஓடின ஹேர் ட்ரையர் அடுத்த ஊர் ஹோட்டல்ல புகைஞ்சு போகலாம், ரிசப்ஷன்ல கேட்காம எதையும் போடாதீங்க.

பிளக் அப்படியே பொருந்துது, அப்போ வோல்ட்டும் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல, இந்த நினைப்புதான் ரொம்ப ஆபத்து. பிலிப்பைன்ஸ்ல சாக்கெட் அமெரிக்கா மாதிரியே ரெண்டு தட்டை பின், ஆனா உள்ள வர்றது 220 வோல்ட்டுக்கு மேல. வியட்நாம், தாய்லாந்து, சீனாவுலயும் தட்டை பின் பிளக் சுலபமா உள்ள போயிடும், அங்க எல்லாம் 220-230. அமெரிக்காவுல வாங்கின 120 வோல்ட் ஹேர் ஸ்ட்ரெயிட்னரை எடுத்துட்டுப் போனா அடாப்டரே தேவைப்படாது, நேரா சொருகலாம், நேரா கருகவும் செய்யும். அடாப்டர் தேவைப்படற நாட்டுலயாவது மனுஷன் ஒரு நிமிஷம் நின்னு யோசிப்பான்.

அடாப்டர், கன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், மூணும் ஒண்ணா?

மூணும் வேற வேற. அடாப்டர் வெறும் பின் வடிவத்தை மாத்தும், அவ்வளவுதான், 230 உள்ள போனா 230 தான் வெளிய வரும். கடையில "யூனிவர்சல்"னு பெருசா எழுதி விக்கற சதுர டப்பாவும் இதுதான், அதுல யூஎஸ்பி ஓட்டை நாலு இருக்கறதால அது வோல்டேஜ் மாத்துதுன்னு அர்த்தம் இல்ல.

கன்வெர்ட்டர்னு கையடக்கமா, வெயிட்டே இல்லாம, ஆனா 1600 வாட் 2000 வாட்னு போட்டு விக்கறாங்களே, அது பெரும்பாலும் கரண்ட்டோட அலையை நறுக்கி நறுக்கி அனுப்பற எலக்ட்ரானிக் வகை. காயில் சூடாகற சாதாரணப் பொருளுக்கு, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான் அது. லேப்டாப், டிஜிட்டல் டிஸ்ப்ளே வச்ச ஸ்ட்ரெயிட்னர், மோட்டார் ஓடற பொருள், மருத்துவ மெஷின் எதையும் அதுல போடாதீங்க, நறுக்கின அலை அந்த சர்க்யூட்டுக்கு ஒத்துக்காது.

டிரான்ஸ்ஃபார்மர்னா நிஜமாவே இரும்பும் காப்பர் வைண்டிங்கும் இருக்கும், செங்கல் மாதிரி கனக்கும், அலையைக் கெடுக்காது, அதனால எலக்ட்ரானிக்ஸுக்கும் சரிப்படும். ஆனா உங்க பொருளோட வாட்டை விட கால் பங்காவது கூடுதலா இருக்கற டிரான்ஸ்ஃபார்மரா வாங்கணும், ஆயிரத்துக்கு மேல வாட் இழுக்கற ஹேர் ட்ரையருக்கு அந்தக் கணக்குல வாங்கினா பெட்டியில வேற துணியே வைக்க முடியாது. ட்ரையருக்காக டிரான்ஸ்ஃபார்மர் தூக்கிட்டுப் போறது வீண் வேலைன்னுதான் சொல்லுவேன், போற இடத்துல ஹோட்டல்ல கேளுங்க, இல்ல அங்கயே ஒண்ணு வாங்கிக்கோங்க.

120 வோல்ட் ஹேர் ட்ரையரை 230-ல போட்டா என்னதான் ஆகும்?

வோல்ட் ரெண்டு மடங்கு ஆனா சூடும் ரெண்டு மடங்குதான் ஆகும்னு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்ல. காயிலோட ரெசிஸ்டன்ஸ் மாறாம இருக்கும்போது வோல்ட் ரெண்டு மடங்கு ஆனா பவர் நாலு மடங்கு ஆகும். 120-ல 1000 வாட் இழுக்கறது 230-ல ஏறக்குறைய 3670 வாட் இழுக்கப் பார்க்கும். ஸ்விட்ச் போட்ட உடனே ஃபேன் வழக்கத்துக்கு மீறி வீல்னு கத்தும், வாய்ப்பக்கம் பார்த்தா உள்ள காயில் ஆரஞ்சைத் தாண்டி வெளுப்பா எரியும், தூசி கருகற வாசனை, அப்புறம் பிளாஸ்டிக் வாசனை. நல்ல கம்பெனி பொருளா இருந்தா உள்ள இருக்கற தெர்மல் ஃபியூஸ் போய் அதோட செத்துடும், மட்டமானதா இருந்தா தீ. அந்த சத்தம் கேட்ட உடனே முடிஞ்சா சுவத்துல இருக்கற ஸ்விட்சை அணைங்க, ட்ரையரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு நிக்காதீங்க.

எதிர்ப்பக்கமா 230 வோல்ட் பொருளை 120-ல போட்டா வெடிக்காது, ஆனா 1000 வாட் பொருள் 270 வாட்டுக்குத்தான் வேலை செய்யும். அயர்ன் பாக்ஸ் துணியை வெதுவெதுப்பாக்கும், சுருக்கம் போகாது, கெட்டில்ல தண்ணி கொதிக்கறதுக்குள்ள பொறுமை போயிடும். மோட்டார் இருக்கற பொருள் மட்டும் இதுலயும் கெட்டுப்போகலாம், வோல்ட் பத்தாம மோட்டார் சுத்த முடியாம முனகிட்டே நின்னா வைண்டிங் சூடாகிடும்.

டூயல் வோல்டேஜ் டிராவல் ட்ரையர் வாங்கிட்டேன், இனி கவலை இல்லையே?

கவலை அந்த ஸ்விட்ச்லதான் இருக்கு. பல மாடல்ல காசு வச்சோ ஸ்க்ரூ டிரைவர் வச்சோ திருப்பற மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், ஒரு பக்கம் 115ன்னும் இன்னொரு பக்கம் 230ன்னும் போட்டிருக்கும். 115-ல விட்டுட்டு 230 நாட்டுல சொருகினா மேல சொன்ன அதே கதை. பெட்டியில கிடந்து உரசி அது லேசா நகர்ந்து நடுவுல நிக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால ஒவ்வொரு தடவையும் சொருகறதுக்கு முன்னாடி பாருங்க. சில மாடல்ல 230-ல வச்சா ஸ்பீடு லோ-ல மட்டும்தான் ஓட்டணும்னு கையேட்டுலயே இருக்கும்.

யூனிவர்சல் அடாப்டர்ல ட்ரையர் போடலாமா?

பொருளோட வோல்ட் சரியா இருந்தாலும் அடாப்டரோட ஆம்ப் பாருங்க. நிறைய டிராவல் அடாப்டர் 6 ஆம்ப்தான், 230-ல அது 1380 வாட், 120-ல வெறும் 720 வாட். 1800 வாட் ட்ரையரை அதுல மாட்டினா அடாப்டர் சூடாகும், நல்லதா இருந்தா அதுல இருக்கற ஃபியூஸ் போகும், ஃபியூஸே இல்லாத மலிவு அடாப்டர்னா பின்னைச் சுத்தி பிளாஸ்டிக் இளகி மஞ்சளாகும். போன், லேப்டாப், கேமரா, டிரிம்மர் சார்ஜர்க்கு மட்டும் அடாப்டர்னு வச்சுக்கிட்டா இந்தப் பிரச்சனையே இல்ல.

பெரிய கம்பெனி பொருள்னா தப்பே வராதுன்னும் நினைக்காதீங்க. 2016 ஜனவரியில ஆப்பிளே ஐரோப்பா, ஆஸ்திரேலியா, கொரியா, அர்ஜென்டினா, பிரேசில் மாதிரி நாடுகளுக்கான ரெண்டு பின் பிளக் அடாப்டரைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க, பிளக் உடைஞ்சு தொட்டா ஷாக் அடிக்கலாம்ங்கற காரணத்துக்காக. பல வருஷம் வித்துட்டிருந்த சாமான் அது.

ஐரோப்பா முழுக்க ஒரே பிளக்தானே?

ஒல்லியா, எர்த் இல்லாம, ரெண்டு உருண்டை பின் இருக்கற சி டைப் பிளக் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லாத்துலயும் போகும். ஆனா அது 2.5 ஆம்ப்தான், சார்ஜருக்கு மட்டும். தடியா எர்த் வச்ச ஜெர்மன் பிளக் சுவிட்சர்லாந்து சாக்கெட்ல போகாது, இத்தாலியில பழைய சாக்கெட்டா இருந்தா அங்கயும் போகாது. பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் தனிக்கூட்டம், சதுர பின் மூணு, ஜி டைப்.

ஜி டைப் சாக்கெட்ல ரெண்டு பின் பிளக் போகமாட்டேங்குது, மேல் ஓட்டையில பேனாவால குத்தினா திறக்குதே, அப்படிப் பண்ணலாமா?

பண்ணாதீங்க. மேல இருக்கற எர்த் ஓட்டையில நீளமான பின் போனாத்தான் கீழ ரெண்டு ஓட்டையும் திறக்கற மாதிரி ஷட்டர் வச்சிருக்கறதே குழந்தைங்க எதையாவது உள்ள விட்டுடக்கூடாதுன்னுதான். பேனாவால திறந்து உருண்டை பின்னை அழுத்தினா உள்ள இருக்கற தகடு விரிஞ்சுடும், அப்புறம் எந்த பிளக் போட்டாலும் லூஸ் கான்டாக்ட். இன்னொன்னும் இருக்கு, அந்த ஊர் பிளக்குக்குள்ளயே 3 ஆம்ப் இல்ல 13 ஆம்ப் ஃபியூஸ் இருக்கும், வயருக்குப் பாதுகாப்பே அதுதான். நீங்க நேரா சொருகினா அந்த ஃபியூஸும் இல்லாம ஓட்டறீங்க.

லூஸா இருந்தா என்ன, சார்ஜ் ஏறுதே?

ஒல்லி பின்னை அகலமான ஓட்டையில விட்டா பிளக் தலை சாஞ்சு தொங்கும், கையை எடுத்தா சார்ஜ் நிக்கும், திரும்ப அழுத்தினா உள்ள சிறுசா ஒரு "கிர்ர்" சத்தம் வரும். அந்த சத்தம் தீப்பொறி. போன் சார்ஜர்னா கரண்ட் கம்மி, தப்பிச்சிடுவீங்க, அதே சாக்கெட்ல அயர்ன் பாக்ஸைப் போட்டா அந்தப் புள்ளி உருகற அளவுக்கு சூடாகும். பேப்பரை மடிச்சுச் செருகி டைட் பண்றவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல, தீப்பொறி வர்ற இடத்துல பேப்பர் வைக்கறாங்க. வேற சாக்கெட் மாத்துங்க, அவ்வளவுதான்.

லேப்டாப் சார்ஜ்ல போட்டுத் தொட்டா கை லேசா அதிருது, ஷாக்கா?

மெட்டல் பாடி லேப்டாப்ல மணிக்கட்டு வைக்கற இடத்துல விரலை மெதுவா தடவினா சொரசொரன்னு ஒரு உணர்வு வரும், அதைத்தானே சொல்றீங்க. சார்ஜருக்குள்ள இரைச்சலை வடிகட்டறதுக்காக ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், அது வழியா ரொம்பக் கொஞ்சமா கரண்ட் கசியும், மூணாவது பின் இருந்தா அது எர்த்துக்குப் போயிடும். நீங்க ரெண்டு பின் அடாப்டர் போட்டதால எர்த் அறுந்து போச்சு, அதனால உங்க கை வழியா போகப் பார்க்குது. நல்ல சார்ஜர்னா ஆபத்து இல்ல, எரிச்சல்தான். ஆனா சுர்ருன்னு இழுத்துப் பிடிக்கற மாதிரி அடிச்சா அது வேற, சார்ஜரைக் கழட்டிடுங்க.

இதே எர்த்தை அயர்ன் பாக்ஸ், கெட்டில் மாதிரி மெட்டல் உடம்பும் தண்ணியும் சேர்ற பொருள்ல விட்டுடக்கூடாது. உள்ள வயர் ஏதாவது பாடியைத் தொட்டா ஃபியூஸைப் போக வைக்கறதே எர்த்துதான். மூணு பின் பொருளுக்கு மூணு பின் அடாப்டர், அதுவும் நடு பின் டம்மி பிளாஸ்டிக்கா இல்லாம நிஜ மெட்டலா இருக்கணும்.

பாத்ரூம்ல "ஷேவர் மட்டும்"னு போட்ட சாக்கெட் இருக்கு, அதுல என்ன போடலாம்?

ஷேவர், எலக்ட்ரிக் டூத் பிரஷ் சார்ஜர். பின்னாடி ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், ஈரக்கையால தொட்டாலும் கரண்ட் பூமிக்குப் போற பாதை இல்லாம பிரிச்சு வச்சிருப்பாங்க, அதனால பவரும் ரொம்பக் கம்மி. சிலதுல 115ன்னும் 230ன்னும் ரெண்டு ஓட்டை இருக்கும், உங்க பொருள் எதுக்கோ அதுல. 115 ஓட்டை இருக்குன்னு சந்தோஷப்பட்டு அமெரிக்க ட்ரையரை அதுல மாட்டாதீங்க, தாங்காது.

அமெரிக்க பாத்ரூம் சாக்கெட்ல டெஸ்ட், ரீசெட்னு ரெண்டு பட்டன் இருக்கே?

கரண்ட் எங்கயாவது கசிஞ்சா, 5 மில்லி ஆம்ப் அளவுலயே, கண் சிமிட்டற நேரத்துல கட் பண்ற ஏற்பாடு. ஐரோப்பாவுல இதே வேலையை மெயின் போர்டுல இருக்கற 30 மில்லி ஆம்ப் பிரேக்கர் செய்யும். திடீர்னு சாக்கெட் செத்துப்போச்சுன்னா ரீசெட் அழுத்திப் பாருங்க. நீங்க கொண்டு வந்த பொருளைப் போடற ஒவ்வொரு தடவையும் ட்ரிப் ஆச்சுன்னா சாக்கெட் மேல பழி போடாதீங்க, பொருள்ல கசிவு இருக்கு.

ஹெர்ட்ஸ் மாறினா பிரச்சனையா?

சார்ஜருக்கு இல்ல. சூடு மட்டும் பண்ற பொருளுக்கும் இல்ல. கரண்ட்டோட துடிப்பை எண்ணி ஓடற பிளக்-இன் கடிகாரம் மட்டும் ஏமாந்து போகும், 60-க்கு செஞ்சது 50-ல ஓடினா மணிக்கு 10 நிமிஷம் பின்தங்கும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும்னு செஞ்ச மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் 50-ல கூடுதலா சூடாகும். ஜப்பான்ல ஒரே நாட்டுக்குள்ளயே டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60, 1890-கள்ல ஒரு பக்கம் ஜெர்மன் ஜெனரேட்டரும் இன்னொரு பக்கம் அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கினதோட விளைவு இன்னைக்கு வரைக்கும் தொடருது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு கொண்டு போனா ஒரே அடாப்டர்ல எல்லாத்தையும் போட்டுக்கலாமே?

சார்ஜர்களுக்குன்னா நல்ல யோசனைதான், ஆனா சாதா பாக்ஸா இருக்கணும். 120 வோல்ட்டுக்கு செஞ்ச சர்ஜ் புரொடெக்டர் (திடீர்னு வோல்ட் எகிறினா பொருளைக் காப்பாத்தறது) வச்ச பாக்ஸை 230-ல மாட்டினா, அதுல எதையும் சொருகாமலே உள்ள இருக்கற பாதுகாப்புப் பொருள் இதைத்தான் சர்ஜ்னு நினைச்சு கரண்ட் முழுக்க தானே இழுத்து புகைஞ்சு வெடிக்கும். கப்பல் பயணம்னா சர்ஜ் புரொடெக்டரை உள்ளயே விடமாட்டாங்க, கப்பலோட வயரிங் முறையே வேற, அதுல இது தீப்பிடிக்கலாம். செக்கிங்ல எடுத்து வச்சுக்கிட்டு இறங்கும்போது தருவாங்க.

பவர் பேங்க் எந்தப் பையில வைக்கணும்?

கையில கொண்டு போற பையில மட்டும், செக்-இன் லக்கேஜ்ல கூடவே கூடாது. 100 வாட்-அவர் வரைக்கும் அனுமதி கேட்க வேண்டாம், 100-ல இருந்து 160 வரைக்கும் ஏர்லைன்கிட்ட கேட்கணும், அதுக்கு மேல கிடையாது. மேல மில்லி ஆம்ப்-அவர் (mAh) தான் போட்டிருக்குன்னா அதை 3.7-ஆல பெருக்கி ஆயிரத்தால வகுங்க, 20000-னா 74 வருது. எண்ணே அழிஞ்சு போன பவர் பேங்கை செக்யூரிட்டியில பிடுங்கிப்பாங்க, வாதாடிப் பிரயோஜனம் இல்ல.

2025 ஜனவரி 28 தென் கொரியாவோட கிம்ஹே ஏர்போர்ட்ல கிளம்பத் தயாரா நின்ன ஏர் பூசான் விமானத்துல தீப்பிடிச்சுது, மேல் ரேக்ல இருந்த பவர் பேங்க்தான் காரணமா இருக்கலாம்னு விசாரணையில வந்துது. அதுக்கப்புறம் பல ஏர்லைன் மேல் ரேக்ல வைக்கக்கூடாது, பறக்கும்போது யூஸ் பண்ணக்கூடாதுன்னு கட்டுப்பாடு கொண்டு வந்துட்டாங்க. சீனாவுல அந்த வருஷம் ஜூன் 28-ல இருந்து 3சி முத்திரை (அந்த நாட்டோட பாதுகாப்புச் சான்று) இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானத்துல விடறதில்ல. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னாடி ஏர்லைன் சைட்ல ஒரு தடவை பாருங்க, விதி மாறிட்டே இருக்கு.

சிபாப் (தூக்கத்துல மூச்சுத் தடைபடறவங்களுக்குக் காத்து தர்ற மெஷின்), நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி மூச்சுல தர்றது) வச்சிருக்கறவங்க?

சிபாப் மெஷின்ல பெரும்பாலும் 100-240 தான், இருந்தாலும் அதோட சார்ஜர் டப்பாவுல பார்த்துடுங்க. கம்ப்ரஸர் நெபுலைசர்ல பலது ஒரே வோல்ட்தான், மாத்தி சொருகினா மருந்து வராது, இல்ல மோட்டார் போயிடும், பயணத்துக்கு பேட்டரி இல்ல யூஎஸ்பி-ல ஓடற மெஷ் வகை இருந்தா நிம்மதி, டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கோங்க. இன்னொரு விஷயம், கீ கார்டு எடுத்தா கரண்ட் போற ஹோட்டல் ரூம்ல, நீங்க வெளிய போயிட்டு வர்ற வரைக்கும் பேட்டரி சார்ஜே ஏறியிருக்காது. ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்கற சாக்கெட் பெரும்பாலும் அணையாது, ரிசப்ஷன்ல கேட்டா காட்டுவாங்க.

ரூம்ல சொந்த கெட்டில், குக்கர், வாட்டர் ஹீட்டர் ராட்?

நிறைய ஹோட்டல்லயும் ஹாஸ்டல்லயும் தடை. ராட் எங்கயுமே வேண்டாம்.

அங்க மலிவா கிடைக்குதுன்னு வாங்கிட்டு வரலாமா?

100-240 போட்ட எலக்ட்ரானிக் பொருள்னா தாராளமா. ஐரோப்பாவுல 2024 டிசம்பர் 28-ல இருந்து புதுசா விக்கற போன், டேப்லெட், கேமரா எல்லாம் யூஎஸ்பி டைப்-சி சார்ஜிங்தான், அதுக்கு உங்க பழைய சார்ஜரே போதும். ஜப்பான் ட்ரையர், ஜப்பான் ரைஸ் குக்கர் மாதிரி சூடு பண்ற பொருள்னா யோசிங்க, பல கடையில டாக்ஸ் ஃப்ரீ பகுதியில வெளிநாட்டு வோல்ட் மாடல் தனியா வச்சிருப்பாங்க, அட்டைப்பெட்டியில 220-240ன்னு இருக்கான்னு பார்த்து எடுங்க. 100 வோல்ட் மாடலை வாங்கிட்டு வந்து டிரான்ஸ்ஃபார்மர் தேடி அலையறதுக்கு, உங்க ஊர்லயே ரெண்டு குக்கர் வாங்கலாம்.

ஷாக் அடிச்சு ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நின்னா?

அவரைத் தொடாதீங்க. மெயின் ஸ்விட்சை அணைங்க, எங்க இருக்குன்னு தெரியலைன்னா, அவர் கைக்குத் தள்ளி பிளக்கை உருவ முடிஞ்சா உருவுங்க, ரெண்டும் முடியலைன்னா காஞ்ச மரக்கட்டையால பொருளைத் தள்ளி விடுங்க. விலகினதும் மூச்சு இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா சிபிஆர் (நெஞ்சை அழுத்தற முதலுதவி) ஆரம்பிங்க, பக்கத்துல இருக்கறவங்களை ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட வைங்க. ஐரோப்பாவுல 112, அமெரிக்கா கனடாவுல 911, ஜப்பான்ல 119, ஆஸ்திரேலியாவுல 000. ஆள் எழுந்து உக்காந்து நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரியில காட்டி ஒரு ஈசிஜி எடுத்துடுங்க, டிராவல் இன்சூரன்ஸ் பேப்பரைக் கையில எடுத்துட்டுப் போங்க.